கேரியரில் நான் இல்லாமல் நீங்கள் போன தூரம்

மகன் நேற்று புதுச் சைக்கிள் வாங்கி வந்தான். இனி ஆபீசுக்கு அதில்தான் போவானாம். கியர் இருக்கிறது, தண்ணீர் பாட்டில் வைக்க இடம் இருக்கிறது, கேரியரை மட்டும் காணோம். "அப்போ நான் எங்கே உட்காருவேன்?" என்று கேட்டேன். வீடே சிரித்தது. டயரின் புது ரப்பர் வாசனை உங்களைக் கொண்டுவந்து எதிரில் நிறுத்திவிட்டது. கூடச் சிரிக்க நீங்கள் இல்லையே என்றுதான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளில் நம் கொழிஞ்சாம்பாறையில் டபுள்ஸ் போவது குற்றம். ஸ்டேஷன் முன்னால் நிற்கும் அரைக்கால் சட்டைப் போலீஸ்காரர் கண்டால் வால்வ் டியூபைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவார். அதனால் ஸ்டேஷனுக்கு முன்னால் இறங்கி, ஒன்றும் தெரியாதவர்களாக நடந்து, வளைவு தாண்டியதும் மறுபடி ஏறிக்கொள்வது ஊர் வழக்கம். நாமும் அப்படித்தான்.

அன்று நான் டீச்சராகச் சேர வேண்டிய நாள். பத்து மணிக்குள் வேலை உத்தரவோடு போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. பஸ்களெல்லாம் பணிமுடக்கு, ஒன்றும் ஓடவில்லை. ஆனி மாதத்து மேல்காற்று முகத்தில் அறைந்தது. வளைவு தாண்டி நீங்கள் ஓடி ஏறினீர்கள். நான் புதுச் சேலையை ஒதுக்கிக்கொண்டு தாவுவதற்குள் சைக்கிள் போயே விட்டது. ஹெட்மாஸ்டரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று இல்லாத எனக்குப் பாடம் நடத்திக்கொண்டே மிதித்தீர்கள். உத்தரவு இருந்த பை உங்கள் ஹேண்டில்பாரில் தொங்கியது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பீர்கள். கட்டியவர் பெயரை நடுரோட்டில் எப்படிச் சொல்வது? "ஏனுங்க! ஏனுங்க!" என்று கத்தினேன். சந்தைக்குப் போன அத்தனை ஆண்களும் திரும்பினார்கள், உங்களைத் தவிர. கடைசியில் போலீஸ்காரரே வந்துவிட்டார். அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். அவர் தன் சைக்கிளை உருட்டி வந்தார்.

"ஏறுங்கம்மா."

"டபுள்ஸ் கூடாதுங்களே."

"புடிக்கறவனே ஓட்டறேன், வேற யாருங்க புடிப்பாங்க? ஏறுங்க."

பள்ளிக்கூட வாசலில் நீங்கள் வெளிறிய முகத்தோடு சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தீர்கள். போலீஸ் சைக்கிளில் என்னைக் கண்டதும் உங்கள் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுக் கைகூப்பினீர்கள். "சார், அவள உட்டுருங்க சார். ஓட்டுனவன் நானுங்க."

அவர் சிரித்த சிரிப்பில் தொப்பி நழுவியது. "இந்தாங்க உங்க ஊட்டம்மா. இனியாச்சும் பாத்து ஏத்தீட்டுப் போங்க."

மணி அடிக்கும்போது கையெழுத்துப் போட்டேன். அப்பாடா என்று வந்த மூச்சு இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் வேலை கிடைத்ததைவிட, என்ன ஏது என்று கேட்காமல் குற்றத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. வழியெல்லாம் சேர்த்து வைத்த கோபம் அங்கேயே போய்விட்டது. இவரோடு எங்கேயும் போகலாம் என்று தோன்றியது. சாயங்காலம், பாரம் குறைந்ததுகூடவா தெரியவில்லை என்று கேட்டேன். "மேல்காத்து கொறஞ்சிருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேன் புள்ளே" என்றீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் ஒருநாளும் கேட்காமல் மிதித்ததில்லை. "ஏறிட்டியா?" என்பீர்கள். நான் பதில் சொன்ன பிறகுதான் பெடல் அசையும். பின்னாளில் பஸ்ஸிலும் ரயிலிலும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே கேட்டீர்கள். நானும் சலிக்காமல் சொன்னேன்.

இப்போது மகன் கார்க் கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்துவிடுகிறான். யாரும் கேட்பதில்லை. நான்தான் ஒவ்வொரு முறையும் வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன்:

"ஏறியாச்சுங்க."