மற்ற ஏழு மூட்டுகள்

அனுப்புநர்:
இயந்திர இயக்குநர்,
உலோக அச்சுப் பிரிவு,
செயற்கை உறுப்புப் பணிமனை.

பெறுநர்:
மருத்துவக் கருவிகள் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: உள்ளே குறையுள்ள உலோக முழங்கால் மூட்டுகளைத் திரும்பப் பெறக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. உலோகப் பொடியை முடியைவிட மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, லேசரால் உருக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வளர்த்துச் செயற்கைக் கால்களுக்கு மூட்டு செய்யும் இயந்திரத்தை ஆறு ஆண்டுகளாக இயக்கி வருகிறேன். இம்மனு முதலில் என்மீதே நான் தரும் புகார்.

2. சென்ற மாதம் ஒரே தட்டில் எட்டு மூட்டுகள் வளர்ந்துகொண்டிருக்கையில் தேநீர் குடிக்கப் போய்ப் பேச்சில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பியபோது பொடி தீர்ந்திருந்தது. 412ஆம் அடுக்கிலிருந்து சில அடுக்குகள், மூட்டுகள் நின்ற பக்கம் பொடியே இல்லாமல் போயிருந்தன. பள்ளத்தைப் பொடியால் நிரப்பி ஓட்டத்தைத் தொடர்ந்தேன். அத்தனை கனத்தை லேசர் முழுதாக உருக்காது என்று தெரிந்தும், பதிவேட்டில் 'தடை ஏதுமில்லை' என்று எழுதினேன். மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சோம்பல்; வேறு காரணம் இல்லை.

3. அந்த எட்டில் ஒன்றை என் அக்காவின் கணவருக்குப் பொருத்தினார்கள். சிபாரிசு செய்தவனும் நானே. "மச்சான் செஞ்ச முழங்கால், எனக்கப்புறமும் ஓடும்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

4. மேலாளரிடம் உண்மையைச் சொன்னேன். "பளபளன்னு இருக்கே, அப்புறம் என்ன?" என்றார். மெருகு போட்டால் எதுவும் பளபளக்கும். மூட்டுகளோடு அதே தட்டில் வளர்த்த சோதனைக் கம்பி, இழுத்துப் பார்த்தபோது ஒடியாமல் தேறியதையும் காட்டினார். ஐயா, அந்தக் கம்பி பொடி முதலில் விழும் மூலையில் வளர்ந்தது; அங்கே பொடி குறையவே இல்லை. அதை இழுத்ததும் ஒரே முறை. மூட்டின்மேல் தினமும் ஆயிரக்கணக்கான தடவை உடம்பின் பாரம் ஏறி இறங்கும். உருகாத இடம் உள்ளே தட்டையான இடுக்காக இருக்கும். அதன் விளிம்பிலிருந்து விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் படியிறங்கும்போது ஒடியும்.

5. அத்தானுடையதை மட்டும் சத்தமில்லாமல் மாற்றித் தருவதாக மேலாளர் சொன்னார். "மத்தவங்க யாருன்னே உனக்குத் தெரியாது, விடுப்பா" என்றார். தெரியாதுதான். யார் யாருக்குப் பொருத்தினார்கள் என்ற பட்டியல் அவர் மேசையில் இருக்கிறது.

6. நேற்று அக்கா வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். அத்தான் செயற்கைக் காலைக் கழற்றி, அதிலிருந்து முழங்கால் மூட்டைப் பிரித்து என் கையில் வைத்தார். "எங்கிட்ட சொல்லிட்ட. அந்த ஏழு பேர்கிட்ட யாரு சொல்றது?" என்றார்.

7. ஆகவே, அந்தப் பட்டியலைப் பெற்று, ஏழு பேரும் அந்தக் காலை ஊன்றி நடக்க வேண்டாம் என்று இன்றே சொல்லியனுப்பி, மூட்டுகளை ஸ்கேன் செய்ய ஆணையிடுமாறு கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். என்மீதான நடவடிக்கை அதற்குப் பிறகு இருக்கட்டும். எங்கும் போய்விட மாட்டேன்.

இணைப்பு:
அ) இயந்திரம் எடுத்துவைத்த 412ஆம் அடுக்கின் படம்.
ஆ) அத்தானின் மூட்டு, எண் 4. அறுத்துப் பார்க்கலாம், திருப்பித் தர வேண்டாம். அவர் ஊன்றுகோலோடு வீட்டில் இருக்கிறார்.

இடம்: அக்காவின் வீடு
நாள்: 12, செவ்வாய்

இப்படிக்கு,
மூட்டுகளைச் செய்தவன்
(ஒப்பம்)