உப்பு கேட்கும் பீப்பாய்

1964 ஏப்ரல் 4, சனி
ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் லாண்டரி முதலாளி கிளாரன்ஸ் சார் ஒரு பீப்பாய் இறக்கியிருக்கிறார். உள்ளே மணல் மாதிரிக் கல். பெயர் ஜியோலைட்டாம். கிணற்றுத் தண்ணீர் அதற்குள் போய் வந்தால் பாதிச் சவுக்காரத்திலேயே நுரை பொங்குகிறது. என்னவோ கலக்கிறார்.

சனிக்கிழமைதோறும் நாலு படி உப்பைக் கரைத்து அதில் ஊற்றி வடிப்பது என் வேலை.
“இன்னா சார், கல்லுக்கு ஊறுகா போடறீங்களா?”
“கல்லுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க, பார்வதம்மா. தண்ணியில இருக்கிற சுண்ணாம்பு அதுல ஒக்காந்துக்கும். உப்புத்தண்ணி ஊத்தினா எறங்கிடும்.”
அது என்ன பஸ்ஸா?

ஏப்ரல் 6
பீப்பாய்த் தண்ணீரில் ஒரு குடம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். துவரம்பருப்பு மெழுகாய்க் குழைந்தது. சந்தேகம்தான் குழையவில்லை.

ஏப்ரல் 11
நல்ல கல்லுப்பு, சாக்கடைக்குத்தானே போகிறது? ஒரு படி ஊற்றினேன். மூன்று படி என் மாங்காய் ஜாடிக்கு. கல் போய்ச் சொல்லவா போகிறது?

ஏப்ரல் 18
இன்றும் அப்படியே.

ஏப்ரல் 23
வாரத்துச் சவுக்காரம் வியாழனுக்கே காலி. அலமாரிச் சாவி இஸ்திரி போடும் தாமோதரனிடம். சார் அவனையே பார்க்கிறார். நானும்தான். அவன் பெண்ணின் பாவாடை ஏன் அவ்வளவு வெள்ளை?
“இன்னாப்பா, வூட்ல தெனம் கல்யாணக் குளியலா?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 25
காலையில் ஒரு குடம் பிடித்துக்கொண்டேன். உப்பும் வழக்கம்போல. சாயங்காலம் சார் தாமோதரனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, “நா எடுக்கலக்கா” என்றான். என்னிடம் ஏன் சொல்கிறான்?

ஏப்ரல் 26, ஞாயிறு
நேற்றுப் பிடித்த தண்ணீரில் பருப்பு. இரண்டு மணி நேரம் விறகு எரித்தும் கல்லாய்க் கிடக்கிறது. சவுக்காரத்தைத் திருடினால் பருப்பு ஏன் வேகாது?
அடுப்படியில் ஜாடி.
ஐயோ — நான்தானா? மூன்று வாரமாக அந்தச் சுண்ணாம்பை இறங்கவே விடாமல், சவுக்காரத்தையெல்லாம் அதற்குத் தின்னக் கொடுத்து... தாமோதரன் வீட்டில் இன்றைக்கு உலை வைத்தார்களோ இல்லையோ.

ஏப்ரல் 27
நேற்றுச் சாயங்காலமே மாரிகுப்பம் கடையில் ஒன்பது படி உப்பு வாங்கி, விடிந்ததும் கரைத்து ஊற்றினேன். நன்றாக அலசி வடித்த பிறகு, ஒரு துண்டுச் சவுக்காரத்தில் தொட்டி நிறைய நுரை. சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “தாமோதரன் இல்ல சார். உப்பு எடுத்தது நா.” நுரையை அள்ளிப் பார்த்தார். பிறகு, “நீயே போய்க் கூட்டிட்டு வா” என்றார்.
போனேன். வந்தான். வழியெல்லாம் எனக்கு முன்னாலேயே நடந்தான்.

மே 2, சனி
உப்பு டின் சாவியும் இப்போது தாமோதரனிடம். நாலு படியும் தலைதட்டி அளந்து, நான் ஊற்றி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றான்.
“மாங்கா நல்லா ஊறிச்சாக்கா?”
எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துப் பார்த்தேன்.