எல்லாருக்கும் அஞ்சு ஒன்பது

பிப்ரவரி 12, சனி

அஜ்லூன் காடு. கருவாலி மரங்களுக்கு அடியில் இன்னும் ஈரம் காயவில்லை. தீமா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. "உனக்கு ரேடியோ பைத்தியம் பிடிச்சா எனக்கு ஏன்க்கா சளி பிடிக்கணும்?" என்று கண்ணாடியை இறக்கிச் சொன்னாள், மறுபடி ஏற்றிக்கொண்டாள். இப்படி ஒரு தங்கச்சி. நானே ஏரியலுக்காகத் தூண்டில் கோலை நட்டு, கம்பியை இழுத்துக் கட்டி, பேட்டரியை மாட்டினேன். கை விறைத்துப்போனது.

ஹாம் ரேடியோவில், ஒரு காட்டிலிருந்து நாற்பத்து நான்கு பேருடன் பேசினால்தான் அந்தக் காடு நம் கணக்கில் ஏறும். மதியத்துக்குள் ஏறிவிட்டது. முதலில் கூப்பிட்டவர் வழக்கம்போல இத்தாலிக்காரர், பாதோவா ஊர் எர்மானோ. மனிதர் வேறு வேலையே பார்ப்பதில்லை போல.

அப்புறம் நிதால், என் வீட்டுக்காரன். அவன் ஜெர்மனியில் ஏதோ ஒரு பீச் மரக் காட்டில், நான் இங்கே. காட்டுக்குக் காடு என்றால் மற்றவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். "நாலு மூணு," என்றான். "உனக்கு நாலு நாலு," என்றேன். அவ்வளவுதான். பாதி ஐரோப்பா கேட்டுக்கொண்டிருக்கும்போது சாப்பிட்டாயா என்றா கேட்க முடியும்?

திரும்பும்போது தீமா கேட்டாள்: "மத்தவங்க எல்லாரும் உனக்கு அஞ்சு ஒன்பது குடுக்கறாங்க. மச்சான் மட்டும் ஏன் நாலு மூணு? சொந்தப் பொண்டாட்டிக்குக் கொஞ்சம் கூட்டிப் போட்டா என்னவாம்?"

முதல் எண், பேச்சு எவ்வளவு புரிகிறது — ஐந்துக்கு. இரண்டாவது, எவ்வளவு பலமாக வருகிறது — ஒன்பதுக்கு. நிஜத்தில் யாரும் அளப்பதில்லை. கேட்டாலும் அஞ்சு ஒன்பது, கேட்காவிட்டாலும் அஞ்சு ஒன்பது. கொடுத்துவிட்டு, "பேரை இன்னொரு தடவை சொல்லுங்க" என்பார்கள். நானும் அப்படித்தான், ஊரோடு ஒத்து. நான் முதல் முதலாகக் காட்டிலிருந்து கூப்பிட்ட அன்று எனக்கு மூணு ஒண்ணு கொடுத்தவன் நிதால் ஒருவன்தான். கோபத்தில் அன்று இரவே ஃபோன் எண்ணைத் தேடிப்பிடித்து, என்ன திமிர் என்று கேட்டேன். "உண்மையா கேட்டதைச் சொன்னேன். நீங்க பேசறதை உக்காந்து கேட்டேன்னு அர்த்தம்," என்றான். அடுத்த வருடம் கல்யாணம். அன்றிலிருந்து எங்களுக்குள் மட்டும் உள்ளதை உள்ளபடி.

இதைச் சொன்னதும் தீமா, "உங்க காதல் கதையில கூட மார்க்கு கம்மி," என்றாள்.

பிப்ரவரி 17

என்னை ஜெர்மனிக்கு அழைத்துக்கொள்வதற்கான விசாக் காகிதத்தை நிதால் அடுத்த வாரம் கொடுப்பானாம். போன வருடத்திலிருந்தே அடுத்த வாரம்தான்.

பிப்ரவரி 26, சனி

ரேடியோவில் நிதால் வரவில்லை. பேட்டரி இறங்கும்வரை அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கறி சுட்டுக்கொண்டிருந்த குடும்பத்து அம்மா ஒரு தட்டு கொண்டுவந்து கொடுத்து, "யாருக்காகக் காத்திருக்கே மகளே?" என்றாள். வீட்டுக்காரருக்காக என்றேன். காட்டுப் பாதையை எட்டிப் பார்த்தாள், பாவம்.

ராத்திரி ஃபோனில்: "வேலை இருந்துச்சு ருலா. சொல்ல மறந்துட்டேன்."

மறந்துட்டானாம்.

மார்ச் 5, சனி

திப்பீன். பைன் காடு. மழை வரும்போல இருந்ததால் அவசர அவசரமாகக் கட்டினேன். கம்பியின் நடுவில் ஒரு கொக்கி உண்டு, அதை மாட்டினால்தான் முழு நீளமும் வேலை செய்யும். மாட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பௌதிகம் நடத்துகிறவள் நான்.

அது தெரியாமல் ஒரு மணி நேரம் கத்தினேன். எர்மானோவே மூன்று தடவை திரும்பக் கேட்டார். ஒரு போலந்துக்காரர் பாதியில், "மன்னிச்சுக்குங்க, ஒண்ணுமே பிடிபடல," என்று விலகிவிட்டார்.

அந்த நேரத்தில் நிதால் வந்தான். நல்ல பலமாக, பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல. என் குரல் அவனுக்குச் சரியாகப் போயிருக்கவே முடியாது.

"அஞ்சு ஒன்பது, நன்றி," என்றான்.

வைத்துவிட்டான்.

பிறகுதான் அண்ணாந்து பார்த்தேன், கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். தீமா வந்து, "என்னக்கா, பாம்பா?" என்றாள்.

மார்ச் 6

கேட்டேவிட்டேன். ஏன் அஞ்சு ஒன்பது சொன்னே?

"என்ன ருலா இது? எல்லாருக்கும் அதைத்தானே சொல்றோம்."

எல்லாருக்கும்.

சண்டை போட்டிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். களைத்த குரலில் சொன்னான். நான் பெரிதுபடுத்துகிறேனா? ஒரு எண்ணுக்காகவா ஒருத்தி இப்படி அழுவாள்? தலைவலி என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். தலைவலியும் வந்துவிட்டது.

மார்ச் 26, சனி

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

அஜ்லூன். வெயில், வசந்தம், காடு முழுக்கக் குடும்பங்கள். யாரோ வண்டியில் பாட்டு வைத்துப் பையன்கள் கைகோத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரமாக நிதால் காட்டுக்கே போகவில்லை, வேலை என்றான். கூப்பிட ஆரம்பித்ததும் எர்மானோ வந்தார். மனிதர் உற்சாகமாக இருந்தார்.

"வாழ்த்துகள் ருலா! போன ஞாயிறு உங்க வீட்டுக்காரரோட பேசினேன், காட்டிலேருந்து. ரெண்டாவது ஆளா உங்ககிட்ட மைக்கைக் குடுத்தார் பாருங்க, ரொம்ப சந்தோஷம். ஜெர்மன் அழைப்புக்குறியும் வாங்கிட்டீங்க. குரல்தான் கொஞ்சம் மாறியிருந்துச்சு, சளியா? அதுக்குள்ள ஊருக்குத் திரும்பிட்டீங்களே?"

ஒரு காட்டிலிருந்து இரண்டு பேர், உரிமத்தோடு கிடைத்த அவரவர் அழைப்புக்குறியைச் சொல்லி, ஒரே ரேடியோவில் பேசுவது வழக்கம்தான். நிதால் இங்கே இருந்தபோது நாங்களும் அப்படித்தான் பேசுவோம். அவன் முடித்ததும் மைக்கை என் கையில் வைப்பான், கூடவே டீ டம்ளரையும்.

எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருந்தார்களோ. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நன்றி எர்மானோ. ஆமா, கொஞ்சம் சளி. உங்களுக்கு அஞ்சு ஒன்பது." அடுத்தவரைக் கூப்பிட்டேன். அடுத்தவரை. அதற்கடுத்தவரை. நாற்பத்து நான்கு வந்தபிறகுதான் நிறுத்தினேன். ஏன் அவ்வளவு நேரம் பேசினேன்? நிறுத்தினால் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும், அதனால்.

தீமாவிடம் சொன்னேன். அவள் கம்பியைச் சுருட்டினாள். வண்டியில் ஏறியதும் ஸ்டியரிங்கை ஒரு குத்து குத்திவிட்டு, "அந்த இத்தாலிக்காரன் வாயில மண்ணு," என்றாள்.

"அவர் என்னடி பண்ணுவார்?"

"தெரியும். யாரையாவது திட்டணும்ல."

மார்ச் 27

ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 5, நோன்பு

நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாமி வந்தார், நிதாலின் உம்மா. ஒரு தட்டு கதாயிஃப் பலகாரம், மேலே துணி மூடி. அந்தத் தட்டை என் கையில் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"மகளே, நான் அவனைப் பெத்ததுக்கு வெக்கப்படறேன்."

"உங்களுக்கு எப்பத்திலேருந்து தெரியும் மாமி?"

தட்டின் துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டே, "குளிர் காலத்துலேருந்து," என்றார். "வேற மாதிரி முடியணும்னு துஆ செஞ்சுகிட்டே இருந்தேன்."

அப்படியென்றால் நான் கை விறைக்கக் கம்பி கட்டிய அன்றும் அவள் இருந்திருக்கிறாள். அவன் நாலு மூணு சொன்ன அன்றும். அந்த நாலு மூணு உண்மையா? அன்று என் குரலை உட்கார்ந்து கேட்டானா, இல்லை பழக்கத்தில் வாய்க்கு வந்ததா? எனக்கு இது ஒன்றுதான் தெரிய வேண்டும். அவள் யார், பெயர் என்ன, எதுவும் வேண்டாம்.

மாமிக்குத் தண்ணீரும் பேரீச்சையும் கொடுத்தேன். இரண்டு பேரும் அழுதுகொண்டே நோன்பு திறந்தோம்.

ஏப்ரல் 19

கடைசியில் அவனே கூப்பிட்டான். அந்த ஊர் ரேடியோ சங்கத்தில் அவளோடு பழக்கமாம். திட்டமிட்டு நடந்தது இல்லையாம். என்மேல் மரியாதை குறையவில்லையாம். மஹர் பணத்தில் பாக்கி உள்ளதைத் தந்துவிடுவானாம், விவாகரத்துக் காகிதத்தை அவன் அண்ணன் கொண்டுவருவாராம்.

எனக்கு ஒரு கேள்விதான் இருந்தது. "பிப்ரவரியில நாலு மூணு குடுத்தியே, அது நெஜமா?"

"எந்த நாலு மூணு?" என்றான்.

மே 2

பெருநாள். புதுத் துணி உடுத்தவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மே 11

கையெழுத்துப் போட்டாயிற்று.

மே 28, சனி

காலையில் தீமா வந்து, "கோல், கம்பி, பேட்டரி எல்லாம் வண்டியில ஏத்திட்டேன். வர்றியா, இல்ல நானே போய்க் கத்தட்டுமா?" என்றாள். அவளுக்கு ரேடியோ உரிமம் கிடையாது. கத்தினால் பிடித்துக்கொண்டு போவார்கள். போனேன்.

அஜ்லூன், அதே மரம். கொக்கியை இரண்டு தடவை சரிபார்த்தேன். வன அலுவலர் அவாத் வந்து, "ரொம்ப நாளாச்சே, சார் வரலியா?" என்றார். இல்லை என்றேன். இனி வரமாட்டார் என்றும் சொன்னேன். வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. தலையைக் குனிந்துகொண்டு போனவர், ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

முப்பது பேர்போல ஆகியிருக்கும். இரைச்சலுக்கு அடியில் ஒரு குரல். பாதி அழைப்புக்குறிதான் வந்தது. மீதி எனக்குத் தேவைப்படவில்லை.

காட்டுக்குக் காடு என்றதும் எல்லாரும் வழிவிட்டார்கள். எங்கள் கதை அவர்களுக்கு என்ன தெரியும்.

"ருலா," என்றான். பெயரைச் சொன்னான். "உனக்கு மூணு ஒண்ணு. மூணு ஒண்ணு. உக்காந்து கேட்டுகிட்டிருக்கேன்."

மைக்கை அழுத்தினேன். நிஜத்தில் அவன் எனக்கு இரண்டு ஒண்ணுகூட இல்லை. காதை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் கேட்டேன். ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன்.

"அஞ்சு ஒன்பது. நன்றி. அடுத்தவர் வாங்க."

தீமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ்ளோ நல்லாவா கேட்டுச்சு?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன்.

அடுத்து வந்தவர் எர்மானோ. இரண்டு மாதமாக எங்கே போனீர்கள், உடம்பு சரியாகிவிட்டதா என்று கேட்டார். இன்று அவர் குரலும் சுமார்தான்.

"சரியாகல எர்மானோ. உங்களுக்கு நாலு மூணு," என்றேன்.

"நாலு மூணா? நன்றி ருலா. எனக்கு இந்த வருஷத்துல யாரும் இப்படிக் கேட்டுச் சொல்லல," என்றார்.