உன்னை வரச் சொன்ன கடிதம்

அல்பாய்
1889 ஜனவரி 14

என் அன்பு மகன் லியோன்சியோவுக்கு அம்மா எழுதுவது. என் செல்ல நோனோய், நான் நன்றாக இருக்கிறேன். எல்லாக் கடிதத்திலும் இருக்கிற வார்த்தைதானே என்று தாண்டிப் போய்விடாதே, இன்னொரு தரம் படி. காய்ச்சல் இல்லை, மூச்சிரைப்பு இல்லை, நேற்றுகூடத் தேங்காய்ப்பாலில் மிளகாயை அள்ளிப் போட்டுக் கொதிக்கவைத்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். நான் சாகக் கிடப்பதாகவும் நீ உடனே கப்பல் ஏற வேண்டும் என்றும் அப்பா கையெழுத்தோடு ஒரு கடிதம் வந்திருக்கும். அதை நம்பாதே. இங்கிருந்து தந்தி கொடுத்தால் யார் யார் கண்ணிலோ படும், அதனால் உன் சித்தப்பா மகன் எலியுத்தேரியோ கயிற்று நார் ஏற்றும் கப்பலில் ஹாங்காங் போகிறான், அங்கே இறங்கியதும் தந்தி கொடுத்துவிட்டு இந்தக் கடிதத்தையும் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். தந்தியில் யார் கையெழுத்தும் இருக்காதே, எதை நம்புவது என்று நீ பெர்லினில் திண்டாடிப் போவாய் என்றுதான் இவ்வளவும் விவரமாக எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை முற்றத்தில் நெல் குத்திக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெரு பசிலிசா கோழிக்கஞ்சிப் பானையோடு அழுதுகொண்டே ஓடி வந்தாள். என்னைப் பார்த்ததும் பானையைக் கீழே வைத்துவிட்டு, "அடியே பொத்தென்சியானா, நீ இழுத்துக்கிட்டுக் கெடக்கிறதாச் சொன்னாங்க, இங்க என்னடான்னா உலக்கையத் தூக்கிக்கிட்டு நிக்கிற!" என்று என்னையே திட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. யாரடி சொன்னது என்று கேட்டால், ஊர்த்தலைவரின் எழுத்தர் தன் பெண்டாட்டியிடம் சொல்ல, அவள் சந்தையில் சொல்லியிருக்கிறாள், மகனுக்கே கடிதம் போய்விட்டதாம். அதோடு என் சிரிப்பு நின்றது. கொண்டுவந்த கஞ்சியை வீணாக்குவானேன் என்று இருவருமாகக் குடித்தோம்.

அப்பா தோட்டத்திலிருந்து வந்ததும் கேட்டேன். தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். புத்தாண்டுக்கு அடுத்து இரண்டு நாள் அவர் வீட்டுக்கு வரவில்லை, துறைமுகத்தில் நார் விற்கத் தங்கிவிட்டேன் என்று என்னிடம் சொன்னது பொய்யாம். அவரை ஸ்பானியக் காவல்படைக் கொட்டடியில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். நீ மாட்ரிட் பத்திரிகைக்கு எழுதிய மணிக்கூண்டுக் கட்டுரை மேசை மேல் கிடந்ததாம். அறுவடை நேரத்தில் ஆட்களைக் கூலியில்லாமல் இழுத்துப்போய்த் தேவாலயத்துக்கு மணிக்கூண்டு கட்டவைத்ததையும், தச்சர் இசிதோரோ சாரத்திலிருந்து விழுந்து செத்ததையும் எழுதினாயே, அதுதான். பாதிரியார் வரிக்கு வரி கோடு போட்டு வைத்திருந்தாராம். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று எழுது, பையன் வரட்டும், புத்தி சொல்லி விட்டுவிடுகிறோம் என்றாராம். காவல்படை லெப்டினன்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாராம். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுமா கையெழுத்துப் போட்டீர்கள் என்று கத்திவிட்டேன். "போடலன்னா என்னத் தெற்கே தீவுக்கு நாடு கடத்திருவோம்னாங்க. நீ ஒத்தையில என்ன பண்ணுவியோன்னு ஒண்ணுதான் தோணுச்சு. புள்ள நெனப்பு வெளிய வந்து நடக்கும்போதுதான் வந்துச்சு" என்றார்.

அன்றிலிருந்து அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ஜெர்மனியிலிருந்து நீ அனுப்பிய உன் புகைப்படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கிறார், நான் நேராக வைக்கிறேன், மறுநாள் மறுபடி திரும்பியிருக்கிறது. மகனே, அவர்மேல் கோபம் வந்தால் அதை எனக்கு எழுது. அவருக்கு எழுதும்போது அந்தப் பேச்சையே எடுக்காதே. பனி எப்படி விழுகிறது, ஜெனீவா ஏரியில் படகில் போனாயே அது எவ்வளவு பெரியது, அங்கே குதிரைக்கு என்ன தீனி போடுகிறார்கள், இப்படி ஏதாவது எழுது. உன் பழைய கடிதங்களில் அவர் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பது குதிரை வருகிற இடங்களைத்தான்.

நீ எழுதியது தப்பு என்று நினைத்து வருந்தாதே. இசிதோரோவின் மனைவி விடியற்காலையில் பின்வாசல் வழியாக வந்து, நீ நமக்கு அனுப்பிய பிரதியைப் படித்துக் காட்டச் சொன்னாள். உன் தங்கை சிரியாகா ஸ்பானிய மொழியிலிருந்து நம் பேச்சில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தவள், "அவரு முழுப் பேரும் போட்டிருக்கானா?" என்று கேட்டாள். போட்டிருக்கிறான் என்று சிரியாகா அந்த இடத்தைக் காட்டினாள். இசிதோரோவின் மனைவிக்கு எழுத்துத் தெரியாது, விரலை அதன்மேல் வைத்துக்கொண்டாள். ஆகவே எழுதாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிறைய எழுது என்று சொல்லவும் பயமாக இருக்கிறது, நான் உன்னைப் பெற்றவள் அல்லவா.

சட்டப் படிப்பில் மிச்சமிருக்கும் பரீட்சையை மாட்ரிட் திரும்பி எழுதி முடி. புத்தகம் அச்சடிக்கிறேன் என்று பட்டினி கிடக்காதே, படத்தில் கன்னம் ஒட்டியிருக்கிறது, இல்லை என்று சாதிக்காதே. நீ குடியிருக்கிற வீட்டு அம்மாள் இருமலுக்குச் சூப் வைத்துக் கொடுத்தாளாமே, அவளுக்கு உன் அம்மா நன்றி சொன்னதாக அவள் பாஷையிலேயே சொல். பாதிரியார் மேல் இருக்கும் கோபத்தைக் கடவுள் மேல் காட்டாதே, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போ. உன்னைப் பார்த்து ஐந்து வருஷம் ஆகிறது. வா என்று எழுத வேண்டிய கையால் வராதே என்று எழுதுகிறேன், இதற்குமேல் அதைப்பற்றி எழுதினால் எழுத்துக் கலைந்துவிடும்.

இவ்வளவும் எழுதி முடிக்கிற நேரத்தில் அப்பா பின்னால் வந்து நின்றார். எவ்வளவு படித்தாரோ தெரியவில்லை. பேனாவைக் கேட்டார். வேண்டாம், வழியில் பிடிபட்டால் உங்கள் எழுத்து இருப்பது ஆபத்து, என் எழுத்தோடு போகட்டும் என்று எவ்வளவோ சொன்னேன். "தள்ளி உட்காரு" என்கிறார். அன்னை மரியாள் உன்னை மடியில் வைத்துக் காக்கட்டும். கம்பளிச் சட்டையை உள்ளே போட்டுக்கொள்ள மறக்காதே. உன் தலையைத் தொட்டு ஆசீர்வதிக்கும்,

உன் அம்மா
பொத்தென்சியானா

வராதே, மகனே. அம்மா எழுதியிருப்பது அத்தனையும் நிஜம்.
உன் அப்பா
மக்காரியோ ஒலாகெர்