உன் வீட்டுக்கு நான் காட்டாத வழி

மழை பிடித்து நாலு நாள் ஆகிறது மச்சான். கடையின் பின்பக்கத் தகரம் ஒழுகி, உரச்சாக்கு சுற்றிச் சாய்த்து வைத்திருக்கும் உன் வாசக்கால் நனைந்துவிட்டது. காலையில் விறகு எடுக்கப் போனேன். வாசக்காலின் வேப்பமரக் கசப்பு வாடை முகத்தில் அடித்தது. டீ கொதிக்கிற வாடையையும் மீறிக்கொண்டு நாள் பூராவும் அது கடைக்குள்ளேயே நிற்கிறது. வருகிறவர்கள் இன்னா வாடை என்று கேட்கிறார்கள். மரம் நனைந்திருக்கிறது என்று மட்டும் சொல்லி டீயை நீட்டுகிறேன்.

நீ அதை ஜீப்பின் தலையில் கட்டிக்கொண்டு வந்தது செங்கம் சந்தை நாளில். உள்ளே பன்னிரண்டு பேர், பின்னால் தொற்றிக்கொண்டு நாலு பேர், மேலே மூட்டைகளுக்கு நடுவே மல்லாந்து படுத்தபடி இந்த வாசக்கால். முதலாளியின் ஜீப்பில் உன் சொந்தச் சாமான் ஏறி வந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். "உங்கிட்ட இருக்கட்டும் மச்சான், எங்க வூட்ல மழை எறங்குது" என்றாய். எனக்கு வாய் சும்மா இருக்குமா? சுவரை விட வாசக்கால் உயரமாக இருக்கிறதே, கூரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்குமா என்று கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். நீயும் சேர்ந்து சிரித்தாய். "நிறுத்தறப்போ ஒரு பக்கம் நீதான் புடிக்கணும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாய். எங்கே நிறுத்தப் போகிறாய் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அடிவாரத்தில் மூன்று சென்ட் மனை வாங்கியதை நீ எனக்குச் சொல்லவே இல்லை. சொல்லாததற்குக் காரணம் என் வாய்தான். அதற்கு முந்தின வருஷம் நம் ஊரிலிருந்து ஒருவர் கீழே மனை வாங்கினாரே, அவரை ஒரு மாசம் விடாமல் ஓட்டினேன். துரை இனிமேல் ஃபேன் போட்டுத்தான் தூங்குவார், சாமைக் களி தொண்டையில் இறங்காது என்றெல்லாம் பேசினேன். அந்த ஒரு மாசமும் நீ அதே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாய். புளி உலுக்கிய காசு, ஜீப் ஓட்டிக் கிடைத்த படிக்காசு, உன் வீட்டுக்காரி கீழே கரும்பு வெட்டப் போன கூலி என்று பல வருஷம் சேர்த்து வாங்கிய மனை. அதை முன்பின் பழக்கமே இல்லாத கடன் ஆபீஸ்காரனிடம் சொன்ன நீ என்னிடம் மறைத்தாய் என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மலையை வெறுத்து நீ இறங்கப் பார்க்கவில்லை. உன் வீட்டின் சரிவுப் பக்கத்து மண்சுவர் உன்னை இறங்கச் சொன்னது. ஒவ்வொரு மழைக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக வயிறு தள்ளிக்கொண்டு வந்தது. இரண்டு கட்டை முட்டுக் கொடுத்து, சாணி போட்டு மெழுகி வைத்திருந்தாய். மகளை அந்தச் சுவரோரம் படுக்க விடமாட்டாய், அந்த இடத்தில் நீதான் படுப்பாய். அடுத்த மழைக்குள் கீழே ஒரு வீடு எழும்பிவிட வேண்டும் என்பதுதான் உன் கணக்கு.

செங்கத்தில் ஒரு வீட்டுக்கடன் கம்பெனிக்கு நீ போனதையும் பிறகுதான் சொன்னாய். உன்னிடம் சம்பளச் சீட்டு ஏது? ஜீப்புக்கு ஆள் சேர்ந்தால் படி, சேராவிட்டால் அதுவும் இல்லை. புளிக்கு மூன்று மாசம், சாமைக்குக் கொஞ்ச நாள், மற்ற நாளெல்லாம் கிடைத்த வேலை. மேனேஜர் அதற்கெல்லாம் முகம் சுளிக்கவில்லையாம். "பேப்பர் இல்லேன்னா பரவால்லீங்க. எங்க ஆளு வந்து ஊர்ல விசாரிப்பாரு. ஊரு சொல்றதுதான் எங்களுக்குப் பேப்பரு" என்றாராம். அதை நம்பித்தான் நீ வாசக்கால் வாங்கினாய்.

ஊர் என்ன சொல்லும் என்பது உனக்குத் தெரியாததா? பை மாட்டிக்கொண்டு ஒரு வெளியாள் வந்து பெயர் சொல்லி ஓர் ஆம்பிளையைக் கேட்டால், அப்படி ஒருத்தர் நம் ஊரில் பிறக்கவே இல்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. கட்டட வேலை என்று ஏஜெண்ட் கூட்டிப்போய், வெளி மாநிலக் காட்டில் இறக்கிவிட்டுத் திருட்டுத்தனமாகச் செம்மரம் வெட்டச் சொன்ன காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. போனவர்களில் சிலர் ஜெயிலில் கிடந்தார்கள், சிலர் திரும்பவே இல்லை. நீயும் ஒருமுறை போய், கோடாலியைக் கண்டதும் பாதி வழியில் ஓடி வந்தவன். ஆனாலும் உன் பெயர் எந்தக் காகிதத்திலோ ஏறிவிட்டது. சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு வெளி மாநிலப் போலீஸ் இரண்டு பேர் என் கடைக்கு வந்து உன்னைக் கேட்டபோது, நீ மேலே புளியந்தோப்பில் குப்புறப் படுத்துக் கிடந்தாய். பயத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, அப்படி யாரும் இல்லை என்று சாதித்து அனுப்பினேன். அன்று சாயங்காலம் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். உயிருள்ளவரை மறக்கமாட்டேன் என்றாய். நானும் மறக்கவில்லை, அதுதான் கேடாகப் போயிற்று.

ஹெல்மெட்டோடு ஒரு பையன் பைக்கில் வந்து என் கடை முன்னால் இறங்கியபோது மத்தியானம். தோளில் கறுப்புப் பை. உன் பெயரைச் சொன்னான், உன் அப்பா பெயரையும் சொன்னான். என்ன வேலை செய்கிறார், எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறார், அடிக்கடி வெளியூர் போவாரா, இப்போது எங்கே போயிருக்கிறார் என்று வரிசையாகக் கேட்டான். அந்தப் போலீஸ்காரர்கள் கேட்ட அதே கேள்விகள். எதற்கு என்று கேட்டேன். அது அவரிடம்தான் சொல்ல முடியும் என்றான். எனக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"அப்டி யாரும் இங்க இல்லீங்க சார். நான் பொறந்ததுலேர்ந்து இங்கதான் இருக்கிறேன். கேள்விப்பட்டதே இல்ல."

பெஞ்சில் இருந்தவர்களிடமும் கேட்டான். அவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்கள். உனக்குப் போன் போட்டுப் பார்த்தான், நம் மலையில் எப்போது சிக்னல் எடுத்திருக்கிறது? பாவம், களைத்துப் போயிருந்தான். டீ கொடுத்தேன், காசுகூட வாங்கவில்லை. அவன் வளைவில் இறங்கி மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நம்மிடமா என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

சாயங்காலம் நீ வண்டியை நிறுத்தியதும் நான் பெருமை பீற்றிக்கொள்ள ஆரம்பித்தேன். அவன் கேட்டது, நான் மடக்கியது, அவன் முழித்தது எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். நீ சிரிக்கவில்லை. டீ கிளாஸை பெஞ்சில் வைத்தாய்.

"பை இன்னா கலரு?" என்று கேட்டாய்.

கறுப்பு என்றேன்.

"அது போலீசு இல்ல மச்சான். வூட்டு லோனுக்கு வந்தவரு. திங்கக்கெழம வர்றேன்னாரு, இன்னிக்கே வந்துட்டாரு போல."

அப்போதுதான் மனை, கம்பெனி, வாசக்கால் எல்லாம் ஒவ்வொன்றாக உன் வாயிலிருந்து வந்தன. நீ என்னைத் திட்டியிருக்கலாம். "உங்கிட்ட சொல்லாதது எந் தப்புதான்" என்றாய். அதைக் கேட்டதற்கு நாலு அறை வாங்கியிருந்தால் தேவலை.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு உன்னோடு செங்கம் வந்தேன். மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார். நான் சொன்னது பொய், இவனைப் போல யோக்கியன் எங்கள் ஊரில் கிடையாது, குடி கிடையாது, யாரிடமும் கைமாற்றுக்கூட வாங்காதவன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். போலீஸ் பயத்தில் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் உன் பழைய கதை வெளியே வரும். அதனால் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று மென்று விழுங்கினேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "அன்னிக்கு ஆளே இல்லன்னீங்க. இன்னிக்குத் தங்கமான ஆளுங்கறீங்க. நாங்க எதைங்க எழுதறது?" என்றார். ஆறு மாசம் கழித்துப் புதிதாக மனுப் போடச் சொன்னார். திரும்பி வந்து கடையில் என்னை இறக்கிவிடும்போது, "எங்க வூட்டுக்காரிக்கு இது தெரிய வேணாம் மச்சான், பேப்பர்ல ஏதோ கொறைன்னு சொல்லிக்கிறேன்" என்றாய்.

ஆறு மாசம் என்று அவர்கள் சொன்னது சுவருக்குத் தெரியுமா? ஐந்தாவது மாசம் மழை வந்தது. விடியற்காலையில் உன் வீட்டுக்காரியும் மகளும் மாட்டைப் பிடித்துக் கட்ட வெளியே போயிருந்தார்கள். நீ உன் இடத்தில் படுத்திருந்தாய். சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது முட்டுக் கொடுத்த கட்டை இரண்டும் மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. கையாலேயே தோண்டினோம். ஜீப்பில்தான் உன்னைக் கொண்டு போனோம், வேறு யாரோ ஓட்டினார்கள். போகிற வழியிலேயே எல்லாம் முடிந்திருந்தது.

அவர்கள் இப்போது கீழே, உன் மச்சினன் வீட்டில் இருக்கிறார்கள். உன் வீட்டுக்காரி பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை செய்கிறாள். மகள் துணிக்கடைக்குப் போகிறாள், பார்க்க உன் ஜாடை. மனையில் முள்ளு முளைத்துக் கிடந்ததை இருவரும் வெட்டிச் சுத்தம் செய்தார்கள். போன மாசம் அதே கம்பெனியில் திரும்பவும் மனுப் போட்டிருக்கிறாள். தெரிந்தவர் பெயர் ஒன்று கேட்டார்களாம், என் பெயரைக் கொடுத்திருக்கிறாள். நான் செங்கம் சந்தைக்கு இறங்கியிருந்தபோது போனில் சொன்னாள்: "உங்களைவிட எங்களைப் பத்தித் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க அண்ணா? நீங்க சொன்னா நம்புவாங்க."

நீ அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை என்பது அந்த வார்த்தையில்தான் எனக்கு நிச்சயமாயிற்று.

போன வாரம் வேறொரு பையன் வந்தான். பை மட்டும் அதே கறுப்பு. அவளுடைய ஆதாரில் இன்னும் மலை விலாசம்தான் இருக்கிறதாம், அந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்றான். பெஞ்சில் இருந்தவர்கள் பழக்கத்தில் என் முகத்தைப் பார்த்தார்கள். "நான் கூட்டிம் போறேன் சார்" என்று அடுப்பை அணைத்துவிட்டு எழுந்தேன். ஒரு வெளியாளுக்கு உன் வீட்டுக்கு வழி காட்டியது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. கடையிலிருந்து வேலி ஓரமாக இறங்கி, தண்ணித் தொட்டியைத் தாண்டினால் உன் வாசல். நடக்கும்போது என்னை அறியாமல் எண்ணிக்கொண்டே போயிருக்கிறேன். நூற்றுப் பன்னிரண்டு அடி.

வீடு எங்கே என்று கேட்டான். மண்மேட்டைக் காட்டினேன். ஆமணக்கு ஆள் உயரம் வளர்ந்திருக்கிறது. பிறகு, ஃபைலுக்கு ஒரு போட்டோ வேண்டும், தெரிந்தவர் என்று நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள் என்றான். நின்றேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், கேட்காததையும் சொன்னேன். எத்தனை புளியமரம் உலுக்குவாய், எந்த நாளில் என்ன படி வாங்குவாய், மகளைச் சுவரோரம் படுக்க விடமாட்டாய் என்பதுவரை சொல்லிக்கொண்டே இருந்தேன். லோன் அந்த அம்மா பெயரில்தானே என்று அவன் மெதுவாக நிறுத்தினான்.

பதில் இன்னும் வரவில்லை. வந்துவிடும் என்று அவள் நம்புகிறாள். வந்ததும் வாசக்காலை நான்தான் கொண்டுவர வேண்டுமாம். "அவரு சொல்லிக்கினே இருப்பாரு அண்ணா, ஒரு பக்கம் நீங்கதான் புடிக்கணும்னு" என்றாள்.

பழைய சாக்கை அவிழ்த்துவிட்டுத் துணியால் துடைத்தேன். வேம்பு நல்ல வேம்பு, ஒன்றும் ஆகவில்லை. உலர்ந்த சாக்கு சுற்றி மறுபடி கட்டி வைத்திருக்கிறேன். ஜீப்பில் ஏற்றி இறக்கி, அவள் மனையில் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். ஆனால் நீ எனக்காக மறைத்ததைச் சுமந்துகொண்டு அதை நிறுத்தும்போது ஒரு பக்கம் பிடிக்க என்னால் முடியாது மச்சான். முதலில் அவளை உட்கார வைத்து, அன்று கறுப்புப் பையோடு வந்தவனிடம் நான் என்ன சொன்னேன் என்பதைச் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை யார் பிடிப்பது என்று அவள் சொல்லட்டும்.