குமுதாவுக்குக் கேமரா, எனக்கு ஊசி

பண்டமாரான்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

உஷாராணி எழுதறேன். பிந்துலுவில மழையாமே, உடம்பு எப்படி இருக்கு? வாட்ஸ்அப்ல எழுதினா கட்டைவிரல் படம் ஒண்ணைப் போட்டுட்டு ஷிப்டுக்குப் போயிடுவீங்க. அதான் காகிதத்துல எழுதி, ரவாங் இராமலிங்கம் அண்ணன்கிட்ட கொடுத்தனுப்பறேன். உங்ககூட வேலை செய்யற அவருக்கு மட்டும் எப்படியோ லீவு கிடைக்குது.

என் தாடை விஷயம் தெரியுமில்ல? காதுக்கு முன்னால இருக்கிற மூட்டு இறுகிப்போய், தோசையைப் பிச்சுப் பிச்சு உள்ள தள்ளிக்கிட்டிருந்தேன். போன மாசம் அரசாங்க ஆஸ்பத்திரியில மரத்துப்போக மருந்து போட்டு, ரெண்டு ஊசியைக் குத்தி, ஒண்ணு வழியா உப்புத்தண்ணியை விட்டு இன்னொண்ணு வழியா வெளிய எடுத்து மூட்டைக் கழுவினாங்க. அவ்வளவுதான். தனியா பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சோறு வடிச்சேன்.

இப்ப உங்க தம்பி பொண்டாட்டி கதைக்கு வரேன். குமுதாவுக்கும் அதே தாடை, அதே வலி. ஆனா பிரிக்ஃபீல்ட்ஸ் மகாராணிக்குக் கேமரா! மயக்கம் கொடுத்து, மெல்லிசான குழாயை மூட்டுக்குள்ள விட்டு, திரையில பார்த்துக்கிட்டே உள்ள ஒட்டிக்கிட்டதைப் பிரிச்சு விட்டாங்களாம். அவளுக்கும் முதல்ல ஊசியாலதான் கழுவினாங்க, அதுக்கு வலி கேட்கலைன்னு சொன்னா. அது எங்க என் காதுல ஏறுச்சு! நான் பார்க்கப் போனப்ப உங்க தம்பி பிரவின் லீவு போட்டுட்டு, கஞ்சியை ஆத்தி ஸ்பூன்ல ஊட்டிக்கிட்டிருக்கார். இவ போனை நீட்டி, மூட்டுக்குள்ள எடுத்த படத்தைப் பெருமையாக் காட்டறா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. வெளிய என்னமோ சிரிச்சு, ‘சூப்பர்லா’ன்னு சொல்லிட்டு வந்தேன்.

போன வாரம் டாக்டர் தாமரைகிட்ட செக்கப். எனக்கு ஏன் கேமரா இல்லைன்னு கேட்டேன். ரெண்டையும் ஒப்பிட்டா நிறையப் பேருக்குப் பலன்ல பெரிய வித்தியாசம் இல்லை, உடம்புக்குச் சிரமம் குறைஞ்சதைத்தான் முதல்ல செய்வோம், அதுல வாய் திறக்கலைன்னா கேமரான்னு பொறுமையா விளக்கினாங்க. அப்புறம் ஸ்கேலை எடுத்து, வாயைத் திறக்கச் சொன்னாங்க. நான் பாதிதான் திறந்தேன்.

ஆமா அத்தான், வேணும்னேதான். அன்னிக்குக் காலையில கண்ணாடி முன்னால மூணு விரல் தாராளமா உள்ள போச்சு. முந்தின நாள்தான் பாசார்ல வாங்கின ஆப்பிளைக் கடிச்சுத் தின்னேன். டாக்டர் மெல்ல அழுத்தினப்ப ஐயோன்னு கத்தி, கண்ணுல தண்ணி வேற விட்டேன். பாவம், அவங்க முகம் வாடிப்போச்சு. அடுத்த மாசம் பன்னண்டாம் தேதி கேமரா ஆபரேஷன்னு எழுதிட்டு, வீட்டு ஆள் ஒருத்தர் கூட இருக்கணும்னாங்க. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம்.

வீட்டுக்கு வந்தப்புறம்தான் ஆஸ்பத்திரியில கொடுத்த தாளைப் படிச்சேன். நல்லா இருக்கிற மூட்டுல துளை போடப்போறாங்க. முகத்து நரம்புல பட்டா கண்ணு சரியா மூடாமப் போகலாம்னு தாள்ல போட்டிருக்கு. அதுக்குக் கையெழுத்தும் போட்டுட்டு வந்திருக்கேன். பொறாமை புடிச்ச கழுதைன்னு திட்டுங்க, வாங்கிக்கறேன். ஆனா அந்தக் கேமராவைப் பார்த்து எனக்கு வயிறு எரியல. அந்த ஸ்பூனைப் பார்த்துத்தான் எரிஞ்சுச்சு.

வர்ற வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட போய், வாயை முழுசாத் திறந்து காட்டிடறேன். அவங்களும் திட்டட்டும். அதுக்குள்ள நீங்க போன் பண்ணி, ஆபரேஷனுக்கு லீவு போட்டுட்டு வரேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னா நான் ஆபரேஷன் மேசையில போய்ப் படுத்துடுவேன், சத்தியமா.

எனக்கு ஒண்ணும் இல்லை அத்தான். ஒண்ணும் இல்லாதப்ப ஒரு தடவை வாங்க.

நேரத்துக்குச் சாப்பிடுங்க.

உங்கள்
உஷா