இரண்டாவது சேலை

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
கார்த்திகை 3

அன்புள்ள கஸ்தூரிக்கு,

ராஜமாணிக்கம் எழுதுவது. நான் நலம். அந்த ஊர்க் குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அறிய விரும்புகிறேன்.

மடத்துத் தலைவி அம்மையாரின் கடிதம் கிடைத்தது. மார்கழிப் பௌர்ணமியன்று உனக்குத் துறவு தர இசைந்திருப்பதாகவும், கணவன் உயிருடன் இருப்பதால் என் சம்மதம் தேவை என்றும் எழுதியிருக்கிறார். கையெழுத்து எதையும் அவர் கேட்கவில்லை. உன் முதல் காவித் துணியை நானே வாங்கி அனுப்புவதைத்தான் அந்த மடத்தில் சம்மதமாகக் கொள்வார்களாம். துணி இத்துடன் வருகிறது. ஆகவே இக்கடிதத்தில் இனி நான் எழுதும் எதையும் நிபந்தனையாகக் கொள்ள வேண்டாம். சம்மதம் தனி, கடிதம் தனி.

நம் ஊரில் காவி வாங்குவது துண்டு வாங்குவதைப் போலத்தான். தேரடித் தெருக் கடைக்காரர் முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை. "சாருக்கா, யாருனா சாமியாருக்குக் கொடுக்கறதுக்கா?" என்று கேட்டார். வீட்டுக்கு என்றேன். "வீட்ல சாமியார் இருக்காங்களா சார்?" என்றார். இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மைக்கு மாறாக நான் எதுவும் சொல்லவில்லை.

தீபத்துக்கு ஊர் தயாராகிறது. மாட வீதிகளில் தடுப்புக் கட்டைகள் கட்டிவிட்டார்கள். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் துறவைத் தேடி இந்த மலையடிக்கு வரும்போது, நீ மட்டும் ஏன் இங்கிருந்து போக வேண்டும் என்று நான் கேட்டதும், "இங்க காவி கட்டினா கீரக்காரம்மா கூட டீச்சர்னுதாங்க கூப்பிடுவா" என்று நீ சொன்னதும் நினைவுக்கு வந்தன. அன்று சிரித்தேன். இப்போது கீரைக்காரம்மா, "டீச்சர் எப்பங்க வருவாங்க?" என்று கேட்கும்போது இன்னொரு கட்டுக் கீரை வாங்கிக்கொள்கிறேன்.

இனியனின் திருமணம் தை மாதம் என்று முடிவாகிவிட்டது. கீர்த்தனா வீட்டார் மரியாதையானவர்கள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மடத்துச் செய்தியை இனியனுக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். "அம்மா சந்தோஷமா இருந்தா போதும்ப்பா" என்றான். இணைப்பை அவன் துண்டிக்கவில்லை. அவன் அலுவலகத்தில் யாரோ நடமாடும் சத்தத்தை இருவருமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

சிக்கலைக் கொண்டுவந்தது என் அக்காதான். அடி அண்ணாமலையிலிருந்து வள்ளி அக்கா பேருந்து ஏறி நேராக வந்து சேர்ந்தாள். கல்யாணத்துக்கு முன் பூவாடைக்காரிக்குப் படையல் போட வேண்டும் அல்லவா? உனக்குத் தெரியாத செய்தி இல்லை. எனினும் அடிப்படையைச் சொல்லாமல் வாதத்துக்குள் போக என்னால் முடிவதில்லை. பூவும் புடவையும் வாடாத வயதில் போன நம் வீட்டுப் பெண்ணே நமக்குத் தெய்வம். வருடத்துக்கு ஒரு முறையும், நல்ல காரியத்துக்கு முன்பும் அவளை வீட்டுக்கு அழைத்து, புதுச் சேலை வைத்துப் படைக்க வேண்டும். நம் மகள் ஓவியா காய்ச்சலில் போனதிலிருந்து அந்தச் சேலை அவளுக்கு. வருடந்தோறும் நிறம் பார்த்து எடுத்தவள் நீ. படையல் முடிந்ததும் வழக்கப்படி அதை உடுத்திக்கொண்டு மனையில் உட்கார்ந்தவளும் நீ.

அக்கா தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டாள்: "ஏம்பா, ஊர்ல எல்லாருக்கும் பாகம் பிரிச்சிக் கொடுத்தியே, உன் பொண்டாட்டிய யார் பாகத்துல விட்ட? அவ உசுரோட இருக்கறவன்னா வந்து சேலய கட்டிக்கினு மனையில உக்காரணும். சாமியாராயிட்டா செத்தவ கணக்குனு நீதான சொன்ன? அப்ப அவளும் பூவோட போனவதான். பொண்ணுக்கு ஒரு சேல, ஆத்தாளுக்கு ஒரு சேல, ரெண்டு வெக்கணும். ரெண்டுல ஒண்ணு சொல்லு. கோர்ட்டு மாதிரி வாய்தா வாங்காத."

நான் வாய்தாதான் வாங்கினேன்.

செத்தவள் கணக்கு என்று நான் சொன்னது உண்மை. என் கட்சிக்காரர் காசியின் பாகப்பிரிவினை வழக்கு உனக்கு நினைவிருக்கும். காவி கட்டிக் கிரிவலப் பாதையில் குடிசை போட்டிருந்தவர். துறவி என்பவர் சட்டத்தின் பார்வையில் இறந்தவர், ஆகவே நிலத்தில் பாகம் இல்லை என்று அவருடைய தம்பிகள் வாதிட்டார்கள். சட்டம் அதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் துணி மட்டும் ஒருவரைத் துறவி ஆக்காது. தனக்குத்தானே ஈமக்கடன் செய்து உறவை முற்றாக அறுத்திருக்க வேண்டும். காசியோ வருடந்தோறும் தாயின் படையலுக்கு வீட்டுக்கு வந்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார் என்று காட்டினேன். படையலுக்கு வருகிறவர் துறவி அல்லர் என்பதே என் வாதம். வென்றேன். அந்த வாதம் இப்போது என் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. மார்கழியில் நீ துறவு கொண்டால் தையில் ஓவியாவின் படையலுக்கு நீ வர முடியாது. வந்தால் அது துறவு ஆகாது. இரண்டுக்கும் நடுவில் உனக்கு ஒரு வழி கண்டுபிடிக்கப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

என்னிடம் தொழில் பழகும் திருமலை, மனைவி துறவு கொண்டால் மணவிலக்குக் கோர எனக்குச் சட்டப்பிரிவு உண்டு என்று பயந்து பயந்து நினைவூட்டினான். நல்ல பையன். இந்த வயதில் அந்த உரிமையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டேன். வழக்குக் கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

துறவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் இதில் நலனுள்ள தரப்பு. என் வார்த்தையை அதற்குரிய கழிவோடுதான் நீ எடுத்துக்கொள்ள வேண்டும். ஆயினும் ஒரு மாற்று வழி இருப்பதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. மாடி அறையைக் காலி செய்து வெள்ளை அடித்து வைத்திருக்கிறேன். சன்னலில் மலை முழுவதும் தெரிகிறது. நீ அங்கே இருக்கலாம். பேசாமலிருக்க விரும்பினால் பேச வேண்டாம். சமையல், உறவு, விருந்து எதுவும் உன்னைத் தேடி மாடி ஏறாது. நான் கீழே இருந்து பார்த்துக்கொள்வேன். மனைவியாக உன்னை எதற்கும் அழைக்க மாட்டேன். காவி இல்லாமலும் அந்த வாழ்க்கை வாழ்கிறவர்கள் இந்த ஊரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

ஆனால் காட்பாடி ரயில் நிலையத்தில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "இந்த வீட்ல தட்டு டம்ளர்லாம் என்ன அம்மான்னு கூப்பிடுதுங்க. யாருக்கும் அம்மாவா இல்லாத எடத்துல கொஞ்ச நாள் இருந்து பாக்கறேன்" என்றாய். மாடி அறை அந்த இடம் ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஓவியா படித்த அறை அது. வெள்ளை அடித்தால் மட்டும் வேறு அறையாகிவிடுமா? அதனால்தான் துணியை முதலில் வாங்கிவிட்டேன். யோசித்துவிட்டு வாங்கப் போயிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

இன்னும் ஒன்று உண்டு. எழுதலாமா கூடாதா என்று நெடுநேரம் யோசித்தேன். படையல் பெட்டியை எடுத்துத் துடைத்து வைக்கச் சொல்லிவிட்டு அக்கா போனாள். பரண்மேல் இருந்து இறக்கினேன். போன வருடத்துக் கிளிப்பச்சைச் சேலை அதில் இல்லை. உன்னைத் தவிர அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை. எதையும் எடுத்துக்கொள்ளாமல் ஒரு கைப்பையோடு போகிறேன் என்று சொன்னவள், அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய் என்று ஊகிக்கிறேன்.

வேறு வழக்காக இருந்தால் இதை வைத்து நான் நீண்ட நேரம் பேசியிருப்பேன். இதில் பேசப் போவதில்லை. ஆனால் துறவுக்கு முந்தைய நாள் கையிலிருக்கும் அனைத்தையும் நதியில் விட்டுவிட வேண்டும் என்று அம்மையார் எழுதியிருக்கிறார். தாலியை விடுவதானால் விடு. அதற்கும் என் சம்மதம் உண்டு. அந்தச் சேலையை மட்டும் தண்ணீரில் விடாதே. அவளுக்கு வைத்தது. உன்னால் வைத்துக்கொள்ள முடியாவிட்டால் எனக்கு அனுப்பிவிடு. நான் வைத்திருக்கிறேன்.

தைப் படையலுக்கு இன்னும் சேலை எடுக்கவில்லை. நிறம் பார்க்க எனக்குத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். இந்த வருடம் ஓவியாவுக்கு என்ன நிறம் என்று ஒரு வரி எழுது. வேறெதுவும் எழுத வேண்டாம், வருவேன் என்றோ வரமாட்டேன் என்றோ கூட. கடிதம் வராவிட்டால் அக்கா சொன்னபடி இரண்டு எடுக்க வேண்டியிருக்கும். உனக்கு எந்த நிறம் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். கடையில் அந்த நிறத்தை எடுத்துப் போடச் சொல்ல என்னால் ஆகாது, கஸ்தூரி.

நீ காவி உடுத்திய பின் உன்னை நான் வணங்க வேண்டும். உன்னை வாழ்த்தும் உரிமை மார்கழிப் பௌர்ணமி வரைதான் எனக்கு. அது இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். எந்தத் துணி உடுத்தினாலும் நன்றாயிரு. குளிருக்குக் காலில் ஏதாவது போட்டுக்கொள்.

இப்படிக்கு,
இன்றுவரை உன் கணவன்,
ராஜமாணிக்கம்